வேனுக்கு அடியில் ஒரு திருவிழா!

இரவு பதினொன்றரை. இரண்டாம் ஷிஃப்ட் முடித்தவர்களைத் திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் இறக்கிவிட்ட வேன்கள் காலியாகத் திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய சந்துகளுக்குள் நுழைகின்றன. முதல் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்ற விடிகாலை நாலரைக்கு அவை மறுபடி கிளம்பியாக வேண்டும். நடுவில் கிடைப்பது ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்தில் ஒரு வேனுக்கு என்னென்ன நடக்கிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? வாருங்கள், ஷட்டர் பாதிதான் இறங்கியிருக்கிறது. குனிந்து உள்ளே நுழைந்துவிடலாம்!

தகரக் கொட்டகை. நடுவில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு குழி. குழியின் இரு கரைகளிலும் சக்கரத்தை ஊன்றி நிற்கிறது ஒரு டெம்போ டிராவலர். சுவர் முழுக்க சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக ரிங் ஸ்பேனர்கள். காற்றில் டீசல், கிரீஸ், கெட்டிலில் வந்த டீ எல்லாம் கலந்த வாசனை. தினமும் வேனில் போகிற நமக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலோர சீட்டும், டிரைவர் போடும் இளையராஜா பாட்டும்தான். மிச்ச வண்டி முழுக்க இங்கேதான் இருக்கிறது!

அறிமுகம் ஒன்று முதலில். இந்த டிராவலர், பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த வண்டி. மெர்சிடிஸ் பென்ஸின் பழைய வேன் வடிவத்தைத் தழுவியது. அதே நிறுவனம்தான் 1969-ல் மேடடார் வேனையும் தந்தது. 2005-ல் நிறுவனத்தின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது. ஆனால் அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை யாரைக் கேட்டாலும் இன்றும் இது டெம்போ டிராவலர்தான். பக்கத்தில் நிற்பது டாடா விங்கர், 2007-ல் வந்தது. பள்ளி வண்டி, கம்பெனி வண்டி, கல்யாண வண்டி, சபரிமலை வண்டி என்று மேற்குப் புறநகரின் பாதி வாழ்க்கை இந்த இரண்டின் முதுகில்தான் ஓடுகிறது.

முதல் கருவி, கேள்வி

ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று எதிர்பார்த்தீர்களா? இல்லை! மேஸ்திரி வண்டியைத் தொடுவதற்கு முன் டிரைவரைப் பிடித்து உட்காரவைக்கிறார்.

“சத்தம் எப்ப வருது?”

“கிளம்பும்போது வருதுண்ணா.”

“சூடானப்புறம் போயிடுதா?”

“ஆமாண்ணா.”

“கிளட்ச்ச மிதிச்சா மாறுதா?”

“இல்லண்ணா, அப்டியேதான் இருக்கு.”

இந்த மூன்று பதில்களில் வண்டியின் பாதி பாகங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டன! குளிரில் கிரீச்சிட்டு, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் உறுமினால் கிளட்ச் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதித்தால் அடங்கிவிடுகிறது என்றால் கண் கியர்பாக்ஸ் பக்கம் திரும்பும். கியர் மாற்றி ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அடியில் ‘டக்’ என்றால், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்துவிட்டது. வளைவில் திரும்பும்போது ரீங்காரம் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்.

புகைக்கும் மொழி உண்டு. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் பாய்கிறது. அதனால் முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்க்கிறார்கள், பிறகுதான் நாசில். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்து, அதில் இனிப்பு வாசனை இருந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது. மேஸ்திரி சைலன்சர் பக்கம் நின்று மூக்கை லேசாகச் சுருக்குவதைப் பாருங்கள். அந்த ஒரு நொடியில் பல ஆயிரம் ரூபாய்க்கான தீர்ப்பு எழுதப்படுகிறது!

‘டக்’ என்றது, அதோடு சரி

அடுத்த வண்டி. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’. உதவிக்கு நிற்கும் பையன் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற ஸ்பேனரோடு பாய்கிறான்.

“டேய் தம்பி, நில்லு. ஹெட்லைட்ட போட்டுட்டு செல்ஃப் அடி. லைட்டு மங்குதா பாரு.”

எவ்வளவு அழகான பரிசோதனை! லைட் மங்கி அணையப் போனால் மின்சாரம் போதவில்லை, பேட்டரியையோ அதன் டெர்மினலையோ பார்க்க வேண்டும். லைட் ஜம்மென்று எரிந்துகொண்டே ‘டக்’ மட்டும் வந்தால், பேட்டரி நன்றாக இருக்கிறது. கோளாறு செல்ஃப் மோட்டாரின் சாலினாய்டு பக்கம். ஒரு பைசா செலவில்லாமல் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிட்டது.

இந்த வண்டியில் லைட் மங்குகிறது. மீட்டரை வைக்கிறார்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் காட்டும். வண்டி ஓடும்போது 14 வோல்ட் பக்கம் வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். இங்கே பேட்டரியும் சரி, ஆல்டர்னேட்டரும் சரி. குற்றவாளி டெர்மினலில் பூத்துக் கிடக்கும் வெள்ளையும் பச்சையுமான உப்பு! வெந்நீர் ஊற்றிக் கழுவி, பிரஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவியாகிவிட்டது. சாவி திரும்புகிறது, வண்டி சீறுகிறது, பையன் கைதட்டுகிறான்!

மலிவானதை முதலில் பார், கழற்றாமல் பார்க்க முடிந்ததை முதலில் பார். இந்தக் கொட்டகையின் சட்டம் இது ஒன்றுதான். தெரியாதவர் புது செல்ஃப் மோட்டார் மாற்றியிருப்பார். தெரிந்தவர் வெந்நீரோடு முடித்துவிட்டார்.

இப்போது வாசலுக்கு வந்து கிழக்கே பாருங்கள். சில கிலோமீட்டர் தொலைவில் பாடி. நாட்டின் எத்தனையோ வண்டிகளைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார்களையும் ஆல்டர்னேட்டர்களையும் தயாரிக்கும் லூகாஸ் டிவிஎஸ் 1961-ல் தொடங்கப்பட்டது அங்கேதான். சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா 1960-ல், பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும், அன்று பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டனும் 1962-ல், போல்ட் நட்டு செய்யும் சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1966-ல். அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங். தரத்துக்காக ஜப்பானில் தரப்படும் டெமிங் விருதை 1998-ல் இந்தியாவிலேயே முதலில் வாங்கியது சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. பின்னாலேயே 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2003-ல் ரானே, 2004-ல் லூகாஸ் டிவிஎஸ்! இந்தப் பக்கம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் விஜயந்தா டாங்க் உருண்டு வெளியே வந்தது அங்கிருந்துதான். ஒரு வண்டி நகரவும் நிற்கவும் தேவையான எத்தனையோ உறுப்புகள் பிறக்கிற மண்ணில், அந்த உறுப்புகளுக்கு வைத்தியம் பார்க்கிற கொட்டகைகளும் தோளோடு தோள் நிற்கின்றன. உலகத்தில் எத்தனை ஊருக்கு இது வாய்க்கும்?

ஒரு மூடிக்குள் இவ்வளவு இருக்கிறதா!

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து, மே மாத வெயிலில் ஊர்ந்து ஊர்ந்து வந்த வேன்களில் டெம்பரேச்சர் முள் ஏறிய கதை டிரைவர்களிடம் ஏராளம். இந்த வண்டியும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஓடும்போது சூடு இறங்குகிறது, நின்றால் ஏறுகிறது. “அப்ப ஃபேன பாரு” என்கிறார் மேஸ்திரி. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உதவுகிறது, நிற்கும் வண்டிக்கு ஃபேன் மட்டுமே துணை. நேர்மாறாக, வேகமாகப் போகும்போது மட்டும் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும்.

ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. அடுத்த சந்தேகம், உள்ளங்கையில் அடங்கும் ரேடியேட்டர் மூடி! என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, துணி போட்டு, மெதுவாகத் திருகிக் கழற்றுகிறார்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும், அந்த அவசரத்துக்கு இங்கே யாருக்கும் அனுமதி இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வளையம். ரப்பர் வெடித்திருக்கிறது. இதனால் என்ன? வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள், தத்துவம் அதேதான். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. ஒரு பார் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்கும். ரப்பர் போனால் அந்த 20 டிகிரி பாதுகாப்பும் போச்சு! சில நூறு ரூபாய் மூடியைக் கவனிக்காமல் விட்டால் ஹெட் கேஸ்கெட் ஊதி, என்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

பாடியில் பிறந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பிப் புகழ்பெற்ற நிறுவனம். டெட்ராய்ட்காரர்கள் இந்த ஊர்க் கம்பெனியிடம் கேட்டு வாங்கிய பொருள் இந்தச் சின்ன மூடி! கையில் வாங்கிப் பார்க்கும்போது மரியாதை கூடுகிறது, இல்லையா?

குழிக்குள் இறங்கலாம்

கையில் விளக்கு. தலைக்கு மேலே வண்டியின் வயிறு. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்!

முதலில் ஈரம் தேடுகிறார்கள். கறுப்புச் சொட்டு என்ஜின் ஆயில். பச்சையோ சிவப்போ கலந்த நீர் கூலண்ட். சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம், அதைச் சரிசெய்யாமல் வண்டி நகராது. வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வடிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் பட்டைகளில் ஏதாவது விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு ஏடாக வெளிச்சம் நகர்கிறது. புஷ் தேய்ந்திருந்தால் கவலையே இல்லை. நள்ளிரவு தாண்டியும் விளக்கெரியும் லேத் பட்டறை அடுத்த சந்திலேயே இருக்கிறது. அளவைச் சொன்னால் சுடச்சுடக் கடைந்து கொடுத்துவிடுவார்கள்!

அடுத்து இரவின் மிக இனிய காட்சி, பிரேக்கில் ஏர் எடுப்பது. பையன் டிரைவர் சீட்டில், மேஸ்திரி பின்சக்கரத்தடியில். நிப்பிளில் மாட்டிய டியூபின் மறுமுனை பாட்டிலுக்குள்.

“மிதி.”

“மிதிச்சாச்சுண்ணா.”

“பிடி… விடாத…”

நிப்பிளைக் கால் சுற்று திறந்ததும் பாட்டிலில் குபுகுபுவென்று குமிழிகள்! மூடிய பிறகுதான் “விடு”. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக இந்தக் கேள்வி பதில் நடக்கிறது. குமிழி நின்று ஆயில் ஒரே தாரையாக வரும்போது பெடல் கல் மாதிரி நிற்கிறது. பெடல் மெத்தென்று இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர். ஒரு பக்கம் இழுத்தால் அந்தச் சக்கரம் அதிகமாகப் பிடிக்கிறது, அல்லது எதிர்ச் சக்கரம் பிடிக்கவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து, அவசரத்தில் பெடலைக் கைவிடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

டயரிலும் ரகசியம் உண்டு. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்த டயர்! பள்ளங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மேடுகள் தெரியும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, அதுதான் சட்டத்தின் எல்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு.

வெளிவட்டச் சாலையில் ஒரு ஓட்டம்

மணி இரண்டு. ஆளே ஏறாத ஒரு வேனை மேஸ்திரி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். வைத்தியத்துக்காக!

2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டி தானே 600 டிகிரி அளவிலான சூட்டில் எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அதற்கு நிற்காமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். அண்ணனூருக்கும் அம்பத்தூருக்கும் நடுவே சிக்னல் சிக்னலாக நின்று போகும் வேனுக்கு அந்த வாய்ப்பு ஏது? எரிப்பு பாதியில் நின்று நின்று, மீட்டரில் விளக்கு எரியத் தொடங்குகிறது. அலட்சியம் செய்தால் வண்டி இழுவை குறைந்து தவழும். பாதி எரிப்பில் வீணாகும் டீசல் என்ஜின் ஆயிலோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும்! ஆயில் கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்படக் கூடாது, உடனே மாற்ற வேண்டும்.

மருந்து, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை. நசரத்பேட்டையில் ஏறி, நெமிலிச்சேரியைத் தாண்டி, சட்ட வேகத்துக்குள் ஒரே சீராகக் கொஞ்ச நேரம். விளக்கு அணைந்துவிட்டது! வேனைத் தூங்காமல் ஓட்டி குணப்படுத்துவது எவ்வளவு ஆனந்தமான வேலை!

மழை வந்தால் சாவியைத் தொடாதே

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த மாதிரி நாட்களுக்கு இங்கே ஒரே பாடம்தான்: தண்ணீரில் நின்றுபோன வண்டியில் செல்ஃப் அடிக்கக் கூடாது. டீசல் என்ஜின் காற்றை நசுக்கித்தான் இயங்குகிறது. தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இழுத்துவந்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்து, ஈரமிருந்தால் என்ஜினுக்குள் இறங்கிய நீரை வெளியேற்றி, அப்புறம்தான் மற்றதெல்லாம். என்ஜின், கியர்பாக்ஸ், பின்பக்க டிஃபரன்ஷியல் மூன்றின் ஆயிலையும் பார்க்கிறார்கள். பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். பிறகு சக்கர பேரிங்குக்குப் புது கிரீஸ்.

மே மாதத்தில் மஞ்சள் வரிசை

இந்தத் திருவிழாவின் உச்சம் மே மாதம். பள்ளி திறக்கும் முன் மஞ்சள் வேன்கள் ஆய்வுக்கு வரிசைகட்டும். அதற்கு முந்தைய இரவுகளில் இந்தக் கொட்டகைகளில் தூக்கமே கிடையாது. எட்டு வயதைத் தாண்டிய வண்டியென்றால் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கும் வண்டியைக் காட்ட வேண்டும்.

மேஸ்திரி பள்ளி வேனில் ஏறியதும் என்ஜினைப் பார்ப்பதில்லை. மண்டியிட்டு, தரைவிரிப்பைத் தூக்கித் தரையைத் தட்டுகிறார். முன்னிருந்து பின்வரை, ஒவ்வொரு சீட்டின் அடியிலும். காரணம் இருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, படியின் உயரம் எல்லாம் இன்று ஒவ்வொன்றாகப் பார்க்கப்படுவது அதனால்தான். தட்டும்போது ‘டங்’ என்று கேட்டால் இரும்பு உறுதி. ‘டொப்’ என்று மங்கிக் கேட்டால் துரு உள்ளே தின்றிருக்கிறது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைத்தே ஆக வேண்டும், பெயிண்டால் மூடக் கூடாது. இந்த இடத்தில் கொட்டகையில் யாரும் சிரிப்பதில்லை, யாரும் கூலி பேசுவதுமில்லை. தட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

நாலரை மணி

டிரைவர்கள் முகம் கழுவி வந்துவிட்டார்கள். இதோ கடைசி காட்சி, இது தினமும் நடப்பது! வண்டியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று. டயரில் கை, நட்டில் கண், அடியில் புதுச் சொட்டு உண்டா என்று ஒரு குனிவு. டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்கிறார்கள். டீசல் வண்டியின் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், கறுப்பைக் கண்டு பயமில்லை, அளவும் பிசுக்கும்தான் கணக்கு. கூலண்ட் அளவு, வைப்பர், ஹாரன், பிரேக் லைட், ஸ்டெப்னியில் காற்று. கிளப்பியதும் நகராமல் பிரேக்கை ஒரு மிதி. மொத்தமும் சில நிமிடங்கள்! பாதி வழியில் நின்றுபோகக்கூடிய வண்டிகள் பலவற்றை இந்தச் சில நிமிடங்களே காப்பாற்றிவிடும்.

இந்த இரவு முழுக்கப் பார்த்ததில் எது பெரிய வேலை? வெந்நீர், ஒரு ரப்பர் வளையம், பாட்டிலில் குமிழி, தரையில் ஒரு தட்டு. எல்லாமே சின்ன வேலைகள். சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடுவதுதான் இந்த மனிதர்களின் பெரிய வித்தை.

அந்த வித்தையில் பயணிகளுக்கும் பங்கு உண்டு. நீங்கள் தினமும் ஒரே வேனில், ஒரே சீட்டில் உட்காருகிறவர்கள். நேற்று இல்லாத சத்தம், புது வாசனை, காலடியில் புதிதாக ஒரு அதிர்வு, பிரேக் போட்டதும் ஒரு இழுப்பு, எதுவானாலும் உங்களுக்கு முதலில் தெரியும். இறங்கும்போது டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்: “அண்ணா, பின்சக்கரத்துப் பக்கம் நேத்து இல்லாத ஒரு சத்தம் வருது. கிளம்பும்போது மட்டும்தான்.” இன்றிரவே அது மேஸ்திரி காதுக்குப் போய்ச் சேரும். முதல் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே தயார்!